கருவி கையில் இருக்கும் நேரம்

(தேனியில் உழவர்கள், பட்டறைக்காரர்கள், கட்டடத் தொழிலாளர்கள், மாணவர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அதிர்கிற கருவியைக் கையில் பிடித்து வேலை செய்கிறவருக்கு என்ன நேர்கிறது, அந்த அதிர்வு அவர் உடம்பில் எவ்வளவு ஏறுகிறது என்பதை எப்படி அளப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. இது இன்ஜினியர்களுக்கான பேச்சு என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. இந்த அளவீட்டில் இரண்டு பாதிகள் உண்டு. கருவி எவ்வளவு பலமாக அதிர்கிறது என்பது ஒன்று. அது எத்தனை நிமிடம் கையில் ஓடுகிறது என்பது மற்றொன்று. முதல் பாதிக்கு மீட்டர் வேண்டும். இரண்டாவது பாதிக்கு ஒரு கடிகாரமும் ஒரு நோட்டும் போதும். நம் ஊரில் கவனிப்பாரற்றுக் கிடப்பது அந்த இரண்டாவது பாதிதான். அதை நாமே செய்யலாம், செய்ய வேண்டும் என்று கேட்கவே வந்திருக்கிறேன்.

நம் பள்ளத்தாக்கின் கருவிகள்

கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூர் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் பெரியாற்றுத் தண்ணீரில் இரண்டு போகம் நெல் விளைகிறது. மாட்டு ஏர் இறங்கிய தொளியில் இப்போது டிராக்டரும் பவர் டில்லரும் இறங்குகின்றன. காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி பக்கம் போனால் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சைப் பந்தல்கள். ஆண்டு முழுக்கக் காய்ப்பு என்பதால் மருந்தடிப்புக்கும் ஓய்வில்லை. முதுகில் இன்ஜினைக் கட்டிக்கொண்டு பந்தலுக்கடியில் நடக்கிறவர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். தென்னந்தோப்பில் களையெடுக்க ஆள் கிடைக்காததால் பிரஷ் கட்டர் வந்தது. அரிவாளும் கோடாரியும் செய்த வேலையைச் செயின் சா செய்கிறது. கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி வழியாக விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற நம் ஆட்களின் கையிலும் இதே கருவிகள் இருக்கின்றன.

ஆண்டிபட்டி, வருசநாடு பக்கம் கிணற்றை ஆழப்படுத்த டிராக்டரில் கம்ப்ரசர் வருகிறது. கீழே பாறையில் வெடிக்குழி போட ஜாக்ஹேமர் இறங்குகிறது. ஊருக்குள் வந்தால் டைல்ஸ் வெட்டும் கட்டர், வெல்டிங் பட்டறையில் கிரைண்டர், பழைய வீட்டை இடிக்கும் பிரேக்கர். இவற்றில் பெரும்பாலானவை நம் தலைமுறையிலேயே நம் கைக்கு வந்தவை.

இந்தக் கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குனிந்து குனிந்து களை வெட்டிய இடுப்புக்கு பிரஷ் கட்டர் நிம்மதி தந்தது உண்மை. சம்மட்டியும் உளியும் வைத்துப் பாறை உடைத்த தாத்தாக்கள் பட்ட பாட்டை நம் வீடுகளில் இன்னும் பேசுகிறார்கள். இடுப்புக்கு வந்த நிம்மதிக்கு விரல்கள் விலை கொடுக்கக் கூடாது என்பதே என் கவலை.

கிணற்றுக்குள் ஒரு பகல்

கிணறு ஆழப்படுத்தும் இடத்தில் நின்று கீழே எட்டிப் பாருங்கள். மேலே கம்ப்ரசர் இரைகிறது. அங்கிருந்து தடித்த ரப்பர் ஓஸ் கிணற்றுக்குள் தொங்குகிறது. அடியில் ஒருவர் ஜாக்ஹேமரின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து, அதன் மேல் தன் உடம்பின் பாரத்தைச் சாய்த்து நிற்கிறார். குழி தொடங்கும்போது ராடு வழுக்காமலிருக்கக் காலால் அண்டை கொடுக்கிறார். காற்றைத் திறந்ததும் ராடு பாறையில் குத்துகிறது. வினாடிக்குப் பல முறை விழும் அந்தக் குத்து பாறைக்கு மட்டும் போவதில்லை. திரும்பிக் கைப்பிடிக்கு வருகிறது, அங்கிருந்து உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கை, தோள்பட்டை என்று ஏறுகிறது. ஒரு குழி முடிந்ததும் அவர் கருவியைச் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கைகளையும் உதறுகிறார். விரல்களை மடக்கி மடக்கி விரிக்கிறார். அப்புறம் அடுத்த குழிக்குப் போகிறார்.

அந்த உதறலைக் கவனியுங்கள். அதுதான் முதல் அறிகுறி. “கை மதமதன்னு இருக்குண்ணே, கொஞ்ச நேரத்துல சரியாப் போயிரும்” என்பார். தொடக்கத்தில் சரியாகத்தான் போகும். சில ஆண்டுகளில் மதமதப்பு வீடு வரை வரும். ராத்திரி கை மரத்துப் போய் முழிப்புத் தட்டும். அப்புறம் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவார். கீழே கிடக்கும் காசை எடுக்க விரல் நுனிக்குத் தெம்பு இருக்கும், தொட்ட உணர்வு இருக்காது. டம்ளர் கையிலிருந்து நழுவும். அந்தக் கட்டத்துக்குப் போன நரம்பு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

அதிர்வு மூன்று இடங்களைத் தாக்குகிறது. விரல்களின் சின்ன ரத்தக் குழாய்கள் சுருங்கப் பழகிவிடுகின்றன. தொடு உணர்வு தரும் நரம்புகள் கெடுகின்றன. மணிக்கட்டு, முழங்கை மூட்டுகளும் தசைகளும் தேய்ந்து வலியும் பலவீனமும் வருகின்றன. இந்த மூன்றையும் சேர்த்தே மருத்துவம் கை–புய அதிர்வு நோய் என்கிறது.

வெள்ளை விரலுக்காகக் காத்திருக்கக் கூடாது

இந்த நோய் புதிதல்ல. 1911இல் இத்தாலியின் ஜியோவன்னி லோரிகா, காற்றழுத்தக் கருவி பிடித்த தொழிலாளர்களின் விரல்களில் இதைக் கண்டு எழுதினார். 1918இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பெட்ஃபோர்ட் என்ற சுண்ணாம்புக்கல் ஊருக்கு டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் போனார். தொழிலாளர் நலனுக்காகத் தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கிய பெண்மணி அவர். குளிர்காலக் காலை நேரங்களில் கல்தச்சர்களின் விரல்கள் உயிரற்று வெளுத்துப் போவதைப் பார்த்தார். காற்றுச் சுத்தியலின் அதிர்வும் குளிரும் இறுக்கிப் பிடித்த பிடியும் சேர்ந்துதான் காரணம் என்று பதிவு செய்தார். 60 ஆண்டு கழித்து 1978இல் வேறு ஆய்வாளர்கள் அதே பெட்ஃபோர்டுக்குப் போனார்கள். அங்கே காற்றுச் சுத்தியல் பிடித்தவர்களில் பெரும்பாலோருக்கு அப்போதும் அதே நோய் இருந்தது. நோயைக் கண்டுபிடித்து எழுதிவிட்டால் மட்டும் அது போய்விடாது என்பதற்கு இந்த ஊரைவிடச் சாட்சி வேண்டாம்.

இங்கே ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. புத்தகத்தில் இந்த நோயின் முகம் ‘வெள்ளை விரல்’. குளிர்நாட்டு டாக்டர்கள் முதலில் தேடுவது அதைத்தான். வெயில் நாடுகளில் அது அரிதாகவே தெரிகிறது. வியட்நாமின் கல்குவாரித் தொழிலாளர்களிடமும் மலேசியாவின் கட்டுமானத் தொழிலாளர்களிடமும் ஆய்வு செய்தவர்கள் கண்டது இதுவே. மரமரப்பும் கூச்சமும் வலியும் இருந்தன, விரல் வெளுப்பு மட்டும் காணோம். விரல் வெளுக்கவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. நம் ஊரில் இந்த நோய் நரம்பு வழியாகத்தான் முதலில் பேசும்.

இதனால் நோயின் பெயரே மாறிப்போகிறது. கை மரத்துப் போகிறது என்று போனால் முதலில் சர்க்கரை பார்ப்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். தொழுநோயையும் பூச்சிமருந்தால் வரும் நரம்புப் பாதிப்பையும் பார்க்க வேண்டும். ஆனால் சர்க்கரையால் வரும் மரமரப்பு வழக்கமாகப் பாதத்தில் தொடங்கும். பாதம் நன்றாக இருக்கும்போது கைவிரல் மட்டும் மரத்தால், “என்ன வேலை பாக்குறீங்க, கையில என்ன மெஷின் பிடிக்கிறீங்க?” என்ற கேள்வி வர வேண்டும். அந்தக் கேள்வி வராத இடத்தில் சத்து மாத்திரைச் சீட்டு வருகிறது. நோயாளி அதே கையோடு மறுநாள் அதே கைப்பிடியைப் பிடிக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளிர்தான் விரல் வெளுப்பைத் தூண்டுகிறது. நம் ஆட்கள் கம்பத்தின் வெயிலில் மட்டும் வேலை செய்வதில்லை. மார்கழிக் காலையில் மலைமேல் ஏலத்தோட்டத்தில் செயின் சா பிடிக்கிறார்கள். அவர்களிடம் விரல் வெளுக்கிறதா என்பதையும் கேட்டே ஆக வேண்டும்.

பலத்தை அளக்கும் முறை

இனி அளவீட்டுக்கு வருகிறேன். கருவியின் கைப்பிடியில், கை பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில், அதிர்வை உணரும் சிறு உணர்வியைக் கட்டுவார்கள். முன்பின், இடவலம், மேல்கீழ் என மூன்று திசைகளிலும் அது அளக்கும். கைக்கு எல்லா அதிர்வும் ஒரே மாதிரி கெடுதல் செய்வதில்லை என்பதால், அதிர்வெண்ணைப் பொறுத்துக் கூட்டியும் குறைத்தும் கணக்கிட்டு, மூன்று திசைகளையும் ஒரே எண்ணாக்குவார்கள். 2001இல் வந்த ஐ.எஸ்.ஓ. 5349 என்ற பன்னாட்டுத் தரம் இந்த முறையை வகுத்திருக்கிறது. அந்த எண்ணின் அலகு மீட்டர்/வினாடி². அலகை மறந்தாலும் எண்ணை நினைவில் வையுங்கள்.

பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை வெளியிட்டிருக்கும் வழக்கமான அளவுகளைச் சொல்கிறேன். பிரஷ் கட்டர் 4. செயின் சா 6. ரோடு உடைக்கும் பிரேக்கர் 12, மோசமான கருவியில் 20 வரை. கட்டடம் இடிக்கும் சுத்தியல் 15, அதிலும் மோசமானது 25. ஒரே வகைக் கருவியிலேயே எவ்வளவு வேறுபாடு என்று பாருங்கள். வாங்கும்போது விலையையும் மைலேஜையும் கேட்கிற நாம் இந்த எண்ணையும் கேட்க வேண்டும். தரமான கம்பெனிகளின் கையேட்டில் இது அச்சிடப்பட்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கையேட்டில் உள்ளது புதுக்கருவியின் எண். நம் தோப்பில் ஓடும் பிரஷ் கட்டரின் பிளேடு கல்லில் பட்டு வளைந்திருக்கும். ஒரு பக்கம் அதிகமாகத் தீட்டியதால் எடை கோணியிருக்கும். கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருந்த ரப்பர் கிழிந்து, அங்கே சைக்கிள் டியூப் துண்டு சுற்றியிருக்கும். அப்போது அந்த 4, 7 ஆகலாம், அதற்கு மேலும் போகலாம். செல்போனைக் கைப்பிடியில் கட்டி ஆப் மூலம் அளந்துவிடலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். ஆர்வத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் ஜாக்ஹேமர் போலக் குத்தும் கருவியின் வேகத்தை அளக்கச் செல்போனின் உணர்வி செய்யப்படவில்லை. அது தரும் எண்ணை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

புள்ளிக் கணக்கு

பலத்தையும் நேரத்தையும் எப்படிச் சேர்ப்பது? அன்றைய அதிர்வு முழுவதையும் 8 மணி நேரத்துக்குப் பரப்பிப் பார்ப்பதுதான் முறை. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் இரண்டு கோடுகளைப் போட்டது. 8 மணி நேரக் கணக்கில் 2.5ஐத் தாண்டினால் முதலாளி குறைக்கும் நடவடிக்கையைத் தொடங்க வேண்டும். 5ஐத் தாண்டவே கூடாது. பிரிட்டன் இதை 2005இல் சட்டமாக்கியது. அங்கே இதைத் தொழிலாளிக்கும் புரியும்படி புள்ளிகளாக மாற்றியிருக்கிறார்கள். நம் மேஸ்திரிகளுக்கும் இது எளிது.

கருவியின் எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். வந்ததை இரண்டால் பெருக்குங்கள். அது ஒரு மணி நேரத்துக்கான புள்ளி. ஒரு நாளில் 100 புள்ளி முதல் கோடு, 400 புள்ளி கடைசிக் கோடு. 4 உள்ள பிரஷ் கட்டர் மணிக்கு 32 புள்ளி. செயின் சா 72. பிரேக்கர் 288. பலம் இரண்டு மடங்கானால் புள்ளி நான்கு மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் பிரஷ் கட்டர் பிடிப்பவர் முதல் கோட்டைத் தொட 3 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகிறது. பிரேக்கர் பிடிப்பவர் 20 நிமிடத்திலேயே தொட்டுவிடுகிறார். ஒன்றரை மணி நேரம் ஆகும் முன்பே கடைசிக் கோட்டையும் தாண்டுகிறார்.

ஏலத்தோட்டத்தில் ஒருவர் செயின் சாவை 2 மணி நேரமும் பிரஷ் கட்டரை 3 மணி நேரமும் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 144ம் 96ம் சேர்ந்து 240. முதல் கோட்டைத் தாண்டிவிட்டார், கடைசிக் கோட்டைத் தொடவில்லை. இவருக்கு வேலையை மாற்றிக் கொடுக்க வேண்டும், கருவியைச் சரிபார்க்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை கையைச் சோதிக்க வேண்டும்.

இப்போது கிணற்றுக்குள் இருப்பவரைப் பார்ப்போம். அவர் கருவிக்குப் பிரேக்கரின் 12ஐயே வைத்துக்கொள்வோம். பாறை துளைக்கும் கருவி இதற்கு மேலேயும் போகும். ஒரு நாளில் காற்றுத் திறந்து ஓடிய நேரம் 3 மணி என்றால் 864 புள்ளி. கடைசிக் கோட்டின் இரண்டு மடங்கையும் தாண்டியாகிவிட்டது. 8 மணி நேரக் கணக்கில் 7.3க்கு மேல். ஐ.எஸ்.ஓ. 5349 தரத்திலேயே ஒரு சூத்திரம் இருக்கிறது. இந்த அளவில் தினமும் வேலை செய்தால் 4 ஆண்டு முடியும் முன்பே பத்தில் ஒருவருக்கு விரல் வெளுப்பு வரும் என்று அது கணிக்கிறது. முதல் கோடான 2.5இல் இருந்தால் அதே நிலைக்கு 12 ஆண்டு ஆகும். முதல் கோட்டுக்குக் கீழே இருந்தால் முழுப் பாதுகாப்பு என்றும் இதற்குப் பொருளில்லை. கோடு என்பது எச்சரிக்கை, உத்தரவாதம் அல்ல.

நேரத்தை எண்ணுவது எப்படி

இந்தக் கணக்கில் எல்லோரும் சறுக்குவது நேரத்தில்தான். “எவ்வளவு நேரம் மெஷின் பிடிக்கிறீங்க?” என்று கேட்டால் “காலையில எட்டு மணியிலருந்து சாயங்காலம் வரைக்கும்” என்று பதில் வரும். அது வேலை நேரம். கணக்குக்கு வேண்டியது கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது கை அதில் இருந்த நேரம். பெட்ரோல் ஊற்றுவது, கயிறு இழுப்பது, கல் அள்ளுவது, டீ குடிப்பது எல்லாம் கழிய வேண்டும். கேட்டு எழுதிய நேரம் உண்மையைவிடக் கூடுதலாகவே வருகிறது என்பது பல நாட்டு அனுபவம். ஆகவே கேட்டு எழுதாதீர்கள், எண்ணி எழுதுங்கள்.

ஜாக்ஹேமருக்கு வழி இருக்கிறது. ஒரு குழி போட எத்தனை நிமிடம் என்று நாலைந்து குழிகளுக்குக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். சராசரி எடுங்கள். அன்றைக்கு எத்தனை குழி என்பது மேஸ்திரிக்கு ஏற்கெனவே தெரியும், வெடிமருந்துக் கணக்கே அதை வைத்துத்தான் போடுகிறார். பெருக்கினால் நேரம் வந்துவிடும். பிரஷ் கட்டருக்கு இன்னும் எளிது. டேங்க் நிறைய ஊற்றித் தீரும்வரை எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று ஒருநாள் பாருங்கள். அப்புறம் எத்தனை தடவை ஊற்றினோம் என்பதை மட்டும் எண்ணினால் போதும். கருவியைக் கையில் வைத்தபடி சும்மா ஓடவிடும் நேரமும் அதில் சேரும், பரவாயில்லை, கூடுதலாக எண்ணுவது பாதுகாப்பான பக்கம். கிரைண்டர், டைல்ஸ் கட்டர் பிடிக்கும் பட்டறைகளில் அரை மணி நேரம் செல்போனில் வீடியோ எடுத்து, அதில் கருவி ஓடிய நிமிடத்தைக் கூட்டினால் நாள் முழுவதற்கும் கணக்கு கிடைக்கும். இந்த முறைகள் நான் கண்டுபிடித்தவை அல்ல. கடிகாரம், வீடியோ, வேலையின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு நேரத்தை அறியலாம் என்று பன்னாட்டுத் தரத்தின் இரண்டாம் பாகமே சொல்கிறது.

பால் ஊற்றும் வீடுகளில் சொசைட்டி அட்டையில் காலை எத்தனை லிட்டர், மாலை எத்தனை லிட்டர் என்று நாள் தவறாமல் எழுதி வாங்குகிறோம். அதே ஒழுங்கோடு ஒவ்வொரு கருவி பிடிப்பவருக்கும் ஒரு நோட்டு வேண்டும். தேதி, கருவி, ஓடிய நிமிடம், அன்றைய புள்ளி. நான்கே பத்தி.

நேரத்தை நீட்டுவது எது என்பதையும் மனம் திறந்து பேச வேண்டும். கிணற்றை அடிக்கணக்கில் காண்ட்ராக்ட் விடுகிறோம். களை வெட்டுவதை ஏக்கர் கணக்கில் விடுகிறோம். சீக்கிரம் முடித்தால் அடுத்த தோட்டத்துக்குப் போகலாம் என்று ஆள் ஓய்வில்லாமல் பிடிக்கிறார். அவருடைய பேராசை அல்ல அது, நாம் பேசிய கூலி முறை. 3 மணி நேர ஜாக்ஹேமர் வேலையை இரண்டு பேர் மாறி மாறிச் செய்தாலும் ஆளுக்கு 432 புள்ளி, கடைசிக் கோட்டைத் தாண்டுகிறது. மூன்று பேர் மாறினால்தான் 288க்கு இறங்கும். மூன்று பேருக்குக் கட்டுப்படியாகும் கூலியைப் பேசாத கிணறு அவர்கள் விரல்களில் கடன் வாங்கி வெட்டப்படும் கிணறு.

சட்டம் எங்கே நிற்கிறது

சட்டம் காப்பாற்றும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய 29 தொழில் நோய்கள் இருந்தன. ஈயம், பாதரசம், சிலிகோசிஸ், இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை எல்லாம் உண்டு. அதிர்வு நோய் இல்லை. 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் 29 நோய்களின் பட்டியலையே வைத்திருக்கிறது. அதிலும் இல்லை. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1998ஆம் ஆண்டு மத்திய விதிகள் அதிக இரைச்சலிலிருந்தும் அதிர்விலிருந்தும் காக்க வேண்டும் என்று கூறின. ஆனால் இரைச்சலுக்கு எல்லை வகுத்தவை அதிர்வுக்கு எண் எதுவும் தரவில்லை. காற்று மாசு, இரைச்சல், அதிர்வு மூன்றுக்குமாக 1977இல் வந்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 148ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்று உறுதி செய்யவில்லை. அதே அமைப்பின் தொழில் நோய்ப் பட்டியலில் அதிர்வு நோய் இடம் பெற்றிருக்கிறது.

பிரிட்டனிலும் சட்டத்தின் பாதுகாப்பு எளிதில் வரவில்லை. பலமுறை மறுக்கப்பட்டு 1985இல்தான் வெள்ளை விரல் இழப்பீட்டுக்குரிய தொழில் நோயானது. பிறகு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நீதிமன்றம் ஏறி வென்றார்கள். இழப்பீடு கேட்டு விண்ணப்பித்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அதிர்வை எண்ணாமல் விட்ட ஒரு நாடு கடைசியில் இழப்பீடு கேட்டவர்களை எண்ண வேண்டியதாயிற்று. ஜப்பான் தன் அரசுக் காடுகளில் செயின் சா பிடிப்பதை நாளுக்கு 2 மணி நேரமாகக் கட்டுப்படுத்தியது. மீட்டர் இல்லாதவர்களும் கடைப்பிடிக்கக் கூடிய விதி அது.

யார் என்ன செய்ய வேண்டும்

தொழிலாளத் தோழர்களுக்கு: கருவியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். பிடி இறுக இறுக அதிர்வு உள்ளே ஏறும். தன் எடையால் கருவி வேலை செய்யட்டும். நுரை வைத்த கையுறை போட்டால் அதிர்வு போய்விடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். பெரிய கருவிகளின் மெதுவான, கனத்த அதிர்வை அது தடுப்பதில்லை. மலைக்குளிரில் கையைச் சூடாக வைக்க அது உதவும், அதற்காகப் போடுங்கள். பீடி, சிகரெட் விரல் ரத்தக் குழாயைச் சுருக்கும். வேலை முடிந்து கால் மணி நேரத்துக்கு மேல் மதமதப்பு நீடித்தால் மறைக்காதீர்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பொத்தான் போட முடியாத கைக்கு எந்த வேலையும் நிலைக்காது.

தோட்டக்காரர்களுக்கும் பட்டறை முதலாளிகளுக்கும்: பிளேடையும் ராடையும் கூர்மையாக வைத்திருங்கள். வளைந்ததை மாற்றுங்கள். தேய்ந்த ரப்பரை அசல் உதிரி வாங்கிப் போடுங்கள். அந்தச் செலவு ஒருவருடைய மருத்துவச் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. பவர் டில்லர் கைப்பிடியில் அதிர்வு தாங்கிகள் பொருத்தினால் உழுபவரின் சிரமம் குறைகிறது என்று கரக்பூர் ஐ.ஐ.டி.யின் திவாரியும் உடன் ஆய்வாளர் தேவாங்கனும் 2009இல் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். நம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் உழவுக் கருவிகளின் பணிச்சூழல் ஆய்வுக்கு ஒரு மையம் இருக்கிறது. அந்த அறிவு தொளிக்கு வர வேண்டும்.

அரசுக்கு: பவர் டில்லர், பவர் வீடர், பிரஷ் கட்டர் வாங்க மானியம் தருகிறீர்கள், மகிழ்ச்சி. மானியப் பட்டியலில் ஒவ்வொரு மாடலுக்கும் பக்கத்தில் கைப்பிடி அதிர்வின் எண்ணைப் போடுங்கள். அதிக அதிர்வுள்ள கருவிக்கு மக்கள் வரிப்பணத்தில் மானியம் தரக் கூடாது. வேளாண் பொறியியல் துறையில் கருவி வாடகைக்கு எடுக்கும்போது ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் பிடிக்கலாம் என்ற சீட்டு கருவியிலேயே ஒட்டியிருக்கட்டும்.

மருத்துவர்களுக்கு: மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 முதல் வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறது. அந்தத் திட்டத்தின் தன்னார்வலர் சகோதரிகள் இன்னும் இரண்டே கேள்விகள் கேட்கட்டும். “அதிர்கிற மெஷின் ஏதாவது பிடிக்கிறீங்களா? கை மரத்துப் போகுதா?” இரண்டுக்கும் ஆம் என்றால் தேனி க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பட்டும். இசைக்கவை வைத்து உணர்வைப் பார்ப்பதற்கும், கண்ணை மூடச் சொல்லிக் காசை எடுக்கச் சொல்வதற்கும் பெரிய இயந்திரம் வேண்டாம். பதிவு வேண்டும். பதிவு சேர்ந்தால்தான் பட்டியலில் இந்த நோயைச் சேர்க்கக் கேட்கும் உரிமை நமக்கு வலுப்படும்.

நிறைவாக, இங்கிருந்து போனதும் செய்யக் கூடிய ஒன்றைச் சொல்கிறேன். உங்களில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள் கூலிக் கணக்கு எழுதும் நோட்டில் நாளை முதல் இன்னும் ஒரு பத்தி போடுங்கள். கருவி எத்தனை நிமிடம் ஓடியது என்று எழுதுங்கள். கருவி பிடிக்கிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் எழுதிய நோட்டு கையில் இருந்தால் முதலாளியோடும் டாக்டரோடும் அரசோடும் பேச நம்மிடம் ஆதாரம் இருக்கும். எழுதத் தொடங்குங்கள் என்று உங்கள் அனைவரையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.